மருந்துக்கு ஒதுக்கிய பணம் மாத்திரையாக வந்து சேரும் வழி
வாசகர் கேள்வி – பதில்

அரசு மருத்துவமனைகளின் வரவு செலவு பற்றி வந்த கடிதங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். எல்லாக் கடிதங்களும் தமிழ்நாட்டைப் பற்றியவை என்பதால் பதில்களும் அப்படியே.

கேள்வி: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு இத்தனை ஆயிரம் கோடி என்று ஆண்டுதோறும் படிக்கிறோம். எங்கள் ஊர் தாலுகா மருத்துவமனையில் ரத்த அழுத்த மாத்திரையை ஒரு மாதத்துக்குப் பதில் பத்து நாளுக்குத்தான் தருகிறார்கள். பணம் எங்கே போகிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தேனி மாவட்டம்

செய்தித்தாளில் வரும் தொகை மொத்தத் தொகை. அது எப்படிப் பிரிகிறது என்று தெரிய, சட்டமன்றத்தில் வைக்கப்படும் மானியக் கோரிக்கை எண் 19-ஐத் திறக்க வேண்டும். நிதித் துறையின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். அதில் முக்கியமான கணக்குத் தலைப்புகள் மூன்று. 2210 மருத்துவமும் பொது சுகாதாரமும். 2211 குடும்ப நலம். 4210 கட்டடம், பெரிய கருவிகள் போன்ற மூலதனச் செலவு. ஒவ்வொன்றுக்கும் கீழே சம்பளம், பயணப்படி, மின்கட்டணம், மருந்து, கருவிப் பராமரிப்பு என்று தனித்தனி இனங்கள் வரும்.

இந்த இனங்களில் சம்பளம் கட்டாயம். மின்கட்டணம், துப்புரவு, காவல் ஒப்பந்தங்கள், மருத்துவக் கழிவை அகற்றும் கட்டணம் எல்லாம் மாதம் பிறந்தால் கொடுத்தே தீர வேண்டியவை. வருவாய் குறையும் ஆண்டில் நிதித் துறை கைவைக்கக்கூடிய இடமாக மிஞ்சுவது மருந்தும் பராமரிப்பும்தான். சம்பளம் ஒரு மாதம் நின்றால் ஊரே பேசும். மாத்திரை பத்து நாளுக்கு மட்டும் கிடைத்தால் நோயாளி மீதி இருபது நாளுக்கு மருந்துக்கடைக்குப் போய்விடுவார், அந்தச் செலவு எந்த அரசுக் கணக்கிலும் ஏறாது. அதனால்தான் இந்த வெட்டு இவ்வளவு எளிதாக நடக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே ஆண்டுக்கு மூன்று எண்கள் இருக்கும்: பிப்ரவரி, மார்ச்சில் அறிவிக்கும் வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, அடுத்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் வரும் திருத்திய மதிப்பீடு, அதற்கும் அடுத்த ஆண்டு வரும் உண்மைக் கணக்கு. தலைப்புச் செய்தியாவது முதல் எண் மட்டுமே. மருந்து இனத்தில் முதல் எண் 100 ஆக இருந்து கடைசி எண் 82 ஆக முடிந்திருந்தால், உங்கள் மருத்துவமனை வாழ்ந்தது 82-இல். மூன்று ஆண்டுகளின் உண்மைக் கணக்கை வரிசையாக எழுதிப் பாருங்கள், அறிவிப்புகளைவிட அது தெளிவாகப் பேசும்.

கடிதம் எழுதுவதற்கு முன் யாரிடம் எழுதுவது என்பதும் முக்கியம். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறை இயக்ககத்தின் கீழ் வருகின்றன. தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் கீழும் உள்ளன. மூன்றுக்கும் ஒதுக்கீடு தனி. உங்கள் தாலுகா மருத்துவமனை பற்றிய மனு மாவட்டத்தின் இணை இயக்குநர், நலப்பணிகள் அலுவலகத்துக்குப் போக வேண்டும். சுகாதாரப் பணிகள் அலுவலகத்துக்கு அனுப்பினால் அது அங்கிருந்து சுற்றிவரவே மாதங்கள் ஆகும்.

கேள்வி: மருந்து வாங்குவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்கிறார்கள். மற்ற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய அமைப்பு என்றும் சொல்கிறார்கள். அப்படியிருந்தும் தட்டுப்பாடு வருவது ஏன்?
– மருந்தியல் மாணவி, கோயம்புத்தூர்

பின்பற்றியது உண்மை. ராஜஸ்தானும் கேரளமும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. தமிழ்நாட்டுக் கழகம் 1994-இல் பதிவாகி 1995 தொடக்கத்திலிருந்து மருந்து வழங்கி வருகிறது. அதற்கு முன் ஒவ்வொரு துறையும் தனித்தனியே வாங்கியது. ஒரே மருந்துக்குப் பல விலை, தரத்துக்கு உறுதி இல்லை. கழகம் வந்தபின் மாநிலம் முழுவதற்குமான தேவையைக் கூட்டி, மருந்தின் பொதுப்பெயரில், இரண்டு உறை டெண்டர் விடுகிறார்கள். முதல் உறையில் நிறுவனத்தின் தகுதி, இரண்டாவதில் விலை. தகுதியில் தேறாதவரின் விலை உறையைப் பிரிப்பதே இல்லை.

பணத்துக்கு பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு மருந்து என்று எழுதிய புத்தகம் அது. கிடங்கிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மதிப்பு கழியும். தொடக்கத்தில் மருந்து நிதியில் 90 சதவீதம் கழகத்துக்கு, 10 சதவீதம் அவசரத்துக்கு உள்ளூரில் வாங்க என்று வகுத்தார்கள். அந்த ஏற்பாட்டின் அருமை, கழகத்துக்குப் போகும் பணம் மருத்துவமனை அலுவலகத்தின் கைக்கே வராது, மருந்தாக மட்டுமே வரும்.

தட்டுப்பாடு வரும் வழிகள் நான்கு உண்டு.

முதலாவது, நிறுவனங்களுக்குப் பாக்கி. அரசு கழகத்துக்கு விடுவிக்கும் தொகை தாமதமானால் கழகம் நிறுவனத்துக்குத் தருவதும் தாமதமாகும். ஒரு ரூபாய்க்கும் குறைவான மாத்திரையில் லாப விளிம்பு மிக மெல்லியது. ஆறு மாதப் பாக்கிக்கான வட்டியே அதைத் தின்றுவிடும். சிறிய நிறுவனம் அடுத்த டெண்டரில் விலையை ஏற்றும், இல்லையென்றால் வராமலே இருந்துவிடும். தாமதமாகப் பணம் தந்து அரசு மிச்சப்படுத்துவது ஒன்றுமில்லை, அடுத்த ஆண்டு அதிக விலையாகத் திருப்பிக் கொடுக்கிறது. இந்தத் துறையில் பணச் செலவே இல்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய சீர்திருத்தம் பில்லுக்கான பணத்தை நாள் தவறாமல் கொடுப்பதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இரண்டாவது, தரப் பரிசோதனைக்கான காலம். கிடங்குக்கு வரும் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் (பேட்ச்) மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறிய பிறகே வெளியே விடுகிறார்கள். ஊசி மருந்துக்கும் குளுக்கோஸ் பாட்டிலுக்கும் கிருமியின்மைச் சோதனையில் மாதிரியை 14 நாள் அடைகாத்துப் பார்க்க வேண்டும். இதைச் சுருக்க முடியாது, சுருக்கவும் கூடாது. கையிருப்பு ஒரு வாரத்துக்கு இறங்கியபின் ஆர்டர் போட்டால், லாரி மறுநாளே வந்தாலும் மருந்து வார்டுக்குப் போக மூன்று வாரம் ஆகும். மூன்று மாதக் கையிருப்பு வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

மூன்றாவது, பாஸ்புக் மதிப்பு நோயாளிகளின் எண்ணிக்கையோடு சேர்ந்து உயராதது. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகள் இரண்டு மூன்று பேர் ஒரு மருத்துவமனையில் பதிவானால் அவர்களுக்கான ரத்த உறைகாரணி ஊசியே பாஸ்புக்கில் பெரும்பங்கைக் கழித்துவிடும். அதற்கான சுமையைப் பொது வார்டின் மாத்திரை தாங்க வேண்டியதாகிறது. இத்தகைய விலையுயர்ந்த மருந்துகளுக்கு மாநில அளவில் தனி ஒதுக்கீடு வைத்து, பாஸ்புக்கிலிருந்து பிரித்துவிட வேண்டும்.

நான்காவது, தேவையைக் குறைத்து எழுதுவது. அடுத்த கேள்வியே அதைப் பற்றியது.

கேள்வி: ஆண்டு இன்டென்ட் (மருந்துத் தேவைப் பட்டியல்) தயாரிக்கும்போது போன ஆண்டு செலவானதோடு பத்து சதவீதம் சேர்த்துப் போடுகிறேன். ஆனாலும் சர்க்கரை நோய் மாத்திரை ஜனவரியிலேயே தீர்ந்துவிடுகிறது. தவறு எங்கே?
– மருந்தாளுநர், வட்டார ஆரம்ப சுகாதார நிலையம், விழுப்புரம் மாவட்டம்

பத்து சதவீதத்தில் தவறில்லை, அதை எதன்மேல் சேர்க்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம். போன ஆண்டு வழங்கியது 1,08,000 மாத்திரை. 12 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 9,000. ஆனால் இருப்புப் பதிவேட்டைப் பார்த்தால் மூன்று மாதம் இருப்பே இல்லை. ஆகவே 1,08,000-ஐ 9 மாதத்தால் வகுக்க வேண்டும். மாதம் 12,000. நீங்கள் 9,000-த்தோடு பத்து சதவீதம் சேர்த்து 9,900 போடுகிறீர்கள். போன ஆண்டின் பற்றாக்குறையை இந்த ஆண்டின் தேவையாக எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

சரியான முறை இது. மாதத் தேவை 12,000 வீதம் 12 மாதத்துக்கு 1,44,000. மூன்று மாதக் காப்பிருப்பு 36,000. கூட்டினால் 1,80,000. கையில் 15,000, ஆர்டர் போட்டு வரவேண்டியது 10,000 என்றால் இரண்டையும் கழித்து 1,55,000 கேட்க வேண்டும். காலாவதி நெருங்கிய பெட்டிகளைக் கையிருப்பில் சேர்க்காதீர்கள்.

இதோடு நிறுத்தாமல் நோயாளிகளின் பதிவேட்டிலிருந்தும் ஒருமுறை கணக்கிடுங்கள். நாளுக்கு இரண்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் 260 பேர் பதிவாகியிருந்தால் 30 நாளுக்கு 15,600 வேண்டும். உங்கள் கணக்கு 12,000. இடையில் உள்ள 3,600 மாத்திரை என்பது 60 பேரின் ஒரு மாத மருந்து. அவர்கள் வெளியில் வாங்குகிறார்கள், அல்லது விட்டுவிட்டார்கள். இன்டென்ட்டோடு இந்த வேறுபாட்டை ஒரு வரிக் குறிப்பாக எழுதி அனுப்புங்கள். நீங்கள் கேட்ட அளவை மேலிடம் குறைத்தாலும், எதைத் தெரிந்துகொண்டு குறைத்தது என்பது கோப்பில் நிற்கும்.

2021 ஆகஸ்ட் 5-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு வீட்டிலேயே மருந்து பெறுபவர்களின் பட்டியலும் சேர்ந்திருக்கிறது. புறநோயாளிப் பதிவேட்டை மட்டும் பார்த்துக் கணக்கிட்டால் அவர்கள் விடுபடுவார்கள். இரண்டிலும் இருப்பவரை இருமுறை எண்ணிவிடவும் கூடாது.

கேள்வி: மருத்துவமனையில் ஸ்கேன் கருவி எட்டு மாதமாகத் துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. கோடி ரூபாய்க்கு வாங்கியவர்களால் பழுது பார்க்க முடியாதா?
– ஆட்டோ ஓட்டுநர், மதுரை

வாங்கும் பணமும் பராமரிக்கும் பணமும் வேறு வேறு பையிலிருந்து வருகின்றன. கருவி மூலதனச் செலவிலோ ஒரு திட்ட நிதியிலோ வந்துவிடும். உத்தரவாதக் காலம் முடிந்தபின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கான பணத்தை மருத்துவமனை தன் ஆண்டு ஒதுக்கீட்டில் தேட வேண்டும். கருவி வாங்கிய நாளிலேயே அந்த இனத்தில் தொகை சேர்க்கப்பட்டிருக்காது.

ஒரு கோடி ரூபாய் கருவிக்கு முழுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஆண்டுக்கு விலையில் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 6 லட்சம் ரூபாய். பத்தாண்டில் 60 லட்சம். ஆகவே கருவியின் உண்மை விலை ஒரு கோடி அல்ல, ஒரு கோடியே 60 லட்சம். இதைச் சேமிக்க நினைத்துச் சில இடங்களில் உதிரிபாகம் சேராத ஒப்பந்தத்தை எடுக்கிறார்கள். பொறியாளர் வருவார், பார்ப்பார், சி.டி. ஸ்கேனுக்கு எக்ஸ்ரே குழாய் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அந்தக் குழாய் பல லட்சம். அதற்குத் தனி அனுமதி, தனி விலைப்புள்ளி, தனி அரசாணை. எட்டு மாதம் ஆவது இங்கேதான்.

வழி இருக்கிறது. டெண்டரிலேயே கருவியின் விலையோடு உத்தரவாதத்துக்குப் பிந்தைய ஐந்து ஆண்டுப் பராமரிப்பு விலையையும் கேட்டு, இரண்டையும் கூட்டி எது குறைவு என்று பார்க்க வேண்டும். 95 சதவீத நாள் ஓட வேண்டும் என்று நிபந்தனை போட்டால் ஆண்டில் 18 நாளுக்குமேல் நிற்கக் கூடாது, நின்றால் பிடித்தம். கருவி அறைக்கு ஏ.சி., யு.பி.எஸ்., சரியான எர்த்திங் மூன்றும் வேண்டும். ஏ.சி. பழுதாகி வெப்பத்தில் பலகை கருகியது என்றால் எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தக் கருவிக்கு இன்று நடப்பில் பராமரிப்பு ஒப்பந்தம் உள்ளதா, எந்தத் தேதி வரை?

கேள்வி: எங்கள் மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மகிழ்ச்சி. ஆனால் பேராசிரியர்கள் பக்கத்து மாவட்டத்திலிருந்து மாற்றுப்பணியில் வருகிறார்களே?
– வணிகர், அரியலூர்

2022 ஜனவரி 12-இல் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன, அரியலூரும் அதில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிய அரசின் திட்ட மதிப்பு 325 கோடி. அதில் 60 சதவீதமான 195 கோடி ஒன்றியப் பங்கு. அது கட்டவும் கருவி வாங்கவும் ஒருமுறை வருவது. ஆசிரியர், செவிலியர், ஆய்வக நுட்பநர், துப்புரவாளர் சம்பளமும் மருந்தும் மின்சாரமும் ஆண்டுதோறும் மாநிலத்தின் தலையில். பணியிடம் உருவாக்க நிதித் துறையின் ஒப்புதல் வேண்டும், பிறகு தேர்வு நடத்த வேண்டும். கட்டடம் இரண்டு ஆண்டில் எழும். பேராசிரியர் ஒருவர் உருவாகப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும். அடிக்கல் நாட்டும் நாளிலேயே பணியிட அரசாணையும் வர வேண்டும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் வற்புறுத்துங்கள்.

கேள்வி: தேசிய நலவாழ்வுக் குழுமத்தில் ஒப்பந்தச் செவிலியராக இருக்கிறேன். சம்பளம் சில மாதம் தள்ளிப்போகிறது. "சென்ட்ரல் ஃபண்ட் வரலை" என்கிறார்கள். அப்படியென்றால் என்ன?
– செவிலியர், திருவண்ணாமலை மாவட்டம்

உங்கள் குழுமம் நடத்தும் தேசிய நலவாழ்வுத் திட்டத்தின் செலவில் ஒன்றியப் பங்கு 60 சதவீதம், மாநிலப் பங்கு 40. மாநிலம் திட்ட வரைவை அனுப்பி, தில்லியில் ஒப்புதல் பெற்றபின் ஒன்றியப் பங்கு தவணைகளில் வரும். முந்தைய தொகையில் பெரும்பகுதியைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்று போனால்தான் அடுத்த தவணை. 2021 முதல் எல்லாப் பணமும் மாநிலத்தில் ஒரே வங்கிக் கணக்கில் சேர்ந்து, மாவட்டங்கள் வரம்புக்குள் எடுக்கும் முறை வந்தது. ஆகவே வேறு மாவட்டங்களில் வேறு இனங்களில் செலவு தேங்கினாலும் தாமதம் உங்கள் சம்பளம்வரை வந்து தொடும். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம், ஏனென்றால் புதிய ஆண்டின் முதல் தவணை வந்திருக்காது.

தீர்வு மாநிலத்தின் கையில் இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளத்தை மாநில நிதியிலிருந்து முன்பணமாக வைத்து, ஒன்றியப் பங்கு வந்ததும் ஈடுசெய்துகொள்ளலாம். சம்பளத்தைத் தவணைப் பணத்தோடு கட்டிப்போடுவது சரியல்ல. உங்கள் சங்கம் முன்வைக்க வேண்டிய கோரிக்கை இதுதான்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். பிறகு ஏன் காப்பீட்டு அட்டை கேட்கிறார்கள்?
– இல்லத்தரசி, சேலம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் உங்கள் சிகிச்சைக்கான தொகையைக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்குத் தருகிறது. 2022 ஜனவரியில் தொடங்கிய ஒப்பந்தத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு அரசு கட்டும் பிரீமியம் 849 ரூபாய். 1.37 கோடிக் குடும்பங்களுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,163 கோடி. இந்தப் பணத்தில் எவ்வளவு அரசு மருத்துவமனைகளுக்குத் திரும்பி வருகிறதோ அவ்வளவு நல்லது. மூட்டு மாற்றுக் கருவி, இதய ஸ்டென்ட் போன்றவற்றை வாங்க மருத்துவமனைக்கு இது கைகொடுக்கும் வருவாய்.

வராமல் போவது பெரும்பாலும் காகிதத்தில்: முன் அனுமதி கேட்காமல் அறுவைசிகிச்சை செய்துவிடுவது, குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் பெயர் வேறுபடுவது, டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எழுதிய நோயும் கேட்ட சிகிச்சைத் தொகுப்பும் பொருந்தாதது, பதிவேற்றம் தாமதமாவது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். அட்டை இல்லை என்று அரசு மருத்துவமனை சிகிச்சையை மறுக்க முடியாது.

கேள்வி: மார்ச் மாதத்தில் மட்டும் மருத்துவமனைக்கு நாற்காலி, மேசை, பெயின்ட் எல்லாம் வருவது ஏன்?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடு சரண்டர் ஆகிவிடும், அதாவது அரசுக்கே திரும்பிவிடும். பல இனங்களில் பணம் விடுவிக்கும் ஆணை ஜனவரிக்குப் பிறகுதான் வருகிறது. டெண்டர் விடக் காலம் இருக்காது. விலைப்புள்ளி வாங்கி உடனே முடிக்கக்கூடியது நாற்காலிதான். செலவு செய்யாவிட்டால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடும் குறையும் என்ற பயமும் உண்டு.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. வார்டு உறுப்பினராக அதன் வரவு செலவில் நான் என்ன செய்ய முடியும்?
– ஊராட்சி வார்டு உறுப்பினர், புதுக்கோட்டை மாவட்டம்

நிறையவே. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நோயாளர் நலச் சங்கம் உண்டு. கட்டுப்பாடில்லா நிதி 25,000, ஆண்டுப் பராமரிப்பு 50,000, சங்க நிதி 1,00,000 என்று தேசிய நலவாழ்வுத் திட்டத்தில் வகுத்த தொகை ஆண்டுக்கு 1,75,000 ரூபாய். குழாய் கசிவு, கழிப்பறைக் கதவு, பிரசவ அறை விளக்கு, அவசர மருந்து போன்றவற்றுக்கு மேலிடத்தைக் கேட்காமலே சங்கத்தின் தீர்மானத்தில் செலவழிக்கலாம். கூட்டம் கூடாமல், தீர்மானம் இல்லாமல் பணம் கணக்கில் கிடப்பதுதான் பல ஊர்களில் நடப்பது.

முதலில் மருத்துவ அலுவலரைப் பார்த்து, சங்கத்தின் கடைசிக் கூட்டம் என்று நடந்தது, வங்கி இருப்பு எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலும் வாய்மொழியாகவே சொல்வார்கள். சொல்லவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரிவு 6(1)-இன் கீழ் மனு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். "மருந்து ஏன் இல்லை?" என்று எழுதினால் பதில் வராது, சட்டம் தருவது ஆவணத்தை. ஆகவே இப்படிக் கேளுங்கள்: கடந்த மூன்று நிதியாண்டுகளில் மருந்து பாஸ்புக்கில் ஒதுக்கிய மதிப்பும் எடுத்த மதிப்பும், மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய்), அம்லோடிபின் (ரத்த அழுத்தம்) இரண்டின் இருப்புப் பதிவேட்டு நகல், நலச் சங்கத்தின் தீர்மானப் புத்தக நகல், கருவிகளின் பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் தேதிகள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கையில் வந்த எண்களைக் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு சபைகள். இவற்றில் நவம்பர் 1 சபைதான் இதற்கு ஏற்றது. அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளைத் துறைகள் தயாரித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. தீர்மானத்தில் மருந்தின் பெயர், மாத்திரை எண்ணிக்கை, இருப்பில்லாத நாட்கள் மூன்றையும் எழுதி, நகலை மாவட்ட சுகாதார அலுவலருக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.